பிளாஸ்டிக் உருளையும் கும்மிடிப்பூண்டிக்காரரும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓடும் மின்சார ரயிலில் காலை நேரத்தில் போயிருக்கிறீர்களா? சாப்பாட்டு டப்பா, தோளில் ஒரு பை, தூக்கம் கலையாத கண்கள் என்று ஒரு பெருங்கூட்டம் சிப்காட் தொழிற்பேட்டைக்காக வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 24. ஒல்லியான உடம்பு. ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒருநாள் சாரத்தில் இருந்து கால் தவறிக் கீழே விழுகிறார். 108 வருகிறது. மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்துடலாம், உள்ளே ரத்தம் கசியுதான்னு தெரியணும்" என்கிறார். பத்து நிமிடத்தில் ஸ்கேன் முடிந்துவிடுகிறது. நல்லவேளை, ஒரு விலா எலும்பில் கீறல் மட்டும்தான்.

வெளியே காத்திருந்த அவருடைய அக்கா, ஸ்கேன் எடுத்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

"சார், இதுல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்றாங்களே... தம்பிக்கு எவ்வளவு போயிருக்கும்?"

"அதெல்லாம் பயப்படற அளவுக்கு இல்லக்கா. மெஷினே கணக்கு காட்டுது பாருங்க" என்று திரையைக் காட்டுகிறார் அவர்.

திரையில் இரண்டு எண்கள். சி.டி.டி.ஐ. 10 மில்லிகிரே. டி.எல்.பி. 300 மில்லிகிரே-சென்டிமீட்டர்.

அக்காவுக்குத் திருப்தி. எண் இருக்கிறது, கம்ப்யூட்டர் சொல்கிறது, பிறகென்ன? ஆனால் அந்த 10 என்பது அவருடைய தம்பிக்குப் போன கதிர்வீச்சு அல்ல! அது ஒரு பிளாஸ்டிக் உருளைக்குப் போன கதிர்வீச்சு.

இது என்ன கூத்து என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

உருளையின் கதை

சிடி ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழன்றுகொண்டே படம் பிடிக்கிறது. இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இந்தக் கருவியில் முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபர் 1 அன்று. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. படம் எடுப்பது எப்படி என்று தெரிந்துவிட்டது. ஆனால் படுத்திருப்பவரின் நுரையீரலுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போனது, தைராய்டுக்கு எவ்வளவு, எலும்பு மஜ்ஜைக்கு எவ்வளவு என்று எப்படி அளப்பது? உயிரோடு இருக்கும் மனிதரின் நுரையீரலுக்குள் அளவுமானியை வைக்க முடியாதே!

அதற்காக வந்ததுதான் உருளை. பெர்ஸ்பெக்ஸ் என்று கடைகளில் சொல்லும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன திண்மமான உருளை. தலைக்குப் பதிலாக 16 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது ஒன்று. உடலுக்குப் பதிலாக 32 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது ஒன்று. அதன் நடுவிலும் ஓரங்களிலும் துளைகள் இருக்கும். பேனா போல நீளமான 10 சென்டிமீட்டர் அளவுமானியை அந்தத் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி ஸ்கேன் எடுப்பார்கள். நடுவில் கிடைத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு, ஓரத்தில் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டையும் கூட்டினால் ஒரு சராசரி. ஸ்கேன் சுருள் எவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் திரையில் தெரியும் சி.டி.டி.ஐ. வந்துவிடும். அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் டி.எல்.பி. நம்மவருக்கு 30 சென்டிமீட்டர் நீளம், ஆகவே 10 × 30 = 300. அவ்வளவுதான்.

இந்த எண் பொய் அல்ல. இரண்டு மெஷின்களை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆனால் படுத்திருப்பவர் யார் என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது. 45 கிலோ பெண் படுத்தாலும் 100 கிலோ ஆண் படுத்தாலும், அதே மின்னழுத்தம், அதே மின்னோட்டம் என்றால் அதே எண்தான் வரும்.

சரி, அப்படியானால் உண்மையான மனிதருக்கு எப்படிக் கணக்குப் போடுவது? இங்கேதான் கணினி வருகிறது.

சீட்டுக்கட்டில் பிறந்த கணக்கு

1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருந்தார். பொழுது போகாமல் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி வந்தது. இந்த ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? சூத்திரம் போட்டுப் பார்த்தார், சிக்கலாக இருந்தது. அட, நூறு முறை ஆடிவிட்டு எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணினால் போதாதா? அந்த யோசனையை அவரும் ஜான் வான் நியூமனும் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸில் கணினிக்குக் கொண்டுபோனார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் அதற்கு மாண்டி கார்லோ முறை என்று பெயர் வந்தது. 1949-ல் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸும் உலாமும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. கோணல்மாணலான கரை. அதன் பரப்பளவு வேண்டும், ஆனால் சூத்திரம் கிடையாது. ஒரு சதுரமான வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் சீராக நெல்மணிகளைத் தூவுங்கள். ஆயிரம் மணிகளில் எத்தனை ஏரிக்குள் விழுந்தன என்று எண்ணுங்கள். 300 என்றால், வரைபடம் காட்டும் நிலப்பரப்பில் ஏரியின் பங்கு சுமார் 30 சதவீதம். மணிகள் கூடக் கூட விடை துல்லியமாகும். ஆனால் ஒரு விதி இருக்கிறது. துல்லியம் 10 மடங்கு வேண்டும் என்றால் மணிகள் 100 மடங்கு வேண்டும்!

சிடி ஸ்கேன் கணக்கில் நெல்மணிக்குப் பதில் ஃபோட்டான், அதாவது எக்ஸ்ரே துகள். வரைபடத்துக்குப் பதில் கணினிக்குள் ஒரு மனித உடல். கணினி ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பி அதன் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறது.

எப்படி? 120 கிலோ வோல்ட்டில் இயங்கும் எக்ஸ்ரே குழாயில் இருந்து வரும் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். அது தண்ணீர் போன்ற தசைக்குள் சராசரியாக 5 சென்டிமீட்டர் போனபிறகு எதன்மீதாவது மோதும். சராசரிதான் 5. இந்தக் குறிப்பிட்ட ஃபோட்டான் எங்கே மோதும்? கணினி 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறது. அந்த எண்ணின் இயற்கை மடக்கையை 5 ஆல் பெருக்கி, கழித்தல் குறியை நீக்கினால் தூரம் கிடைத்துவிடும். 0.5 வந்தால் சுமார் 3.5 சென்டிமீட்டர். 0.9 வந்தால் அரை சென்டிமீட்டர், தோலைத் தாண்டியதுமே மோதல். 0.1 வந்தால் 11.5 சென்டிமீட்டர், ஆழமாகப் போய்விடும்.

மோதிய இடத்தில் மறுபடியும் ஒரு குருட்டு எண். ஃபோட்டான் மொத்தமாக விழுங்கப்படுகிறதா, அல்லது கொஞ்சம் ஆற்றலை விட்டுவிட்டு வேறு திசையில் சிதறுகிறதா? தசையில் பெரும்பாலும் சிதறல்தான். கால்சியம் நிறைந்த எலும்பில் விழுங்கப்படும் வாய்ப்பு கூடும். சிதறினால் எந்தத் திசை என்பதற்கு இன்னொரு எண். இப்படியே அது உடலை விட்டு வெளியே போகும்வரை, அல்லது செத்துப்போகும்வரை தொடரும். விட்டுச்சென்ற ஆற்றல் எந்த உறுப்பில் விழுந்ததோ அந்த உறுப்பின் கணக்கில் வரவு. கோடிக்கணக்கான ஃபோட்டான்களுக்கு இதைச் செய்தால் நுரையீரல், இதயம், தைராய்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அளவு கிடைக்கும். மார்புக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தாலும் கழுத்திலும் வயிற்றிலும் கொஞ்சம் வரவு இருப்பதைப் பார்க்கலாம். அது சிதறி வந்த பங்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழாயில் இருந்து உண்மையில் எத்தனை ஃபோட்டான்கள் வந்தன என்று கணினிக்குத் தெரியாது. அதனால் அது 'உருளையில் 1 மில்லிகிரே பதிவானால் நுரையீரலில் இவ்வளவு' என்று விகிதமாகத்தான் சொல்லும். அந்த விகிதத்தை உண்மையான அளவாக மாற்ற, மெஷினுக்குப் பக்கத்தில் போய் யாராவது உருளையை வைத்து அளந்தே தீரவேண்டும். ஆக, உருளை இல்லாமல் கணினிக்கு வேலை இல்லை. கணினி இல்லாமல் உருளைக்கு மனித உடம்பு தெரியாது!

கணினிக்குள் இருப்பது யார்?

முக்கியமான கேள்வி இதுதான். கணினிக்குள் படுத்திருக்கும் அந்த மனிதர் யார்?

ஆரம்ப காலத்தில் அது மனிதர் போலவே இருக்காது. முட்டை வடிவத் தலை, நீள்வட்ட உருளை உடம்பு, உள்ளே சூத்திரங்களால் வரைந்த உறுப்புகள். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே உடம்பில்! பிரிட்டனின் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வாரியம் இப்படிப்பட்ட உடலை வைத்துக் கணக்கிட்ட அட்டவணைகளை 1991-ல் வெளியிட்டது. அவற்றை எக்செல் தாளில் போட்டு 'இம்பாக்ட்' என்ற லண்டன் குழு விநியோகித்தது. உலகம் முழுக்க மருத்துவ இயற்பியல் மாணவர்கள் பலர் முதலில் தொட்டது அந்த எக்செல் தாளைத்தான்.

பிறகு சிறுசிறு கனசதுரங்களால் ஆன உடல்கள் வந்தன. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு உடல்களை உலகத்துக்கே பொதுவான அடையாள உடல்களாக அறிவித்தது. ஆணின் உயரம் 176 சென்டிமீட்டர், எடை 73 கிலோ. பெண்ணின் உயரம் 163 சென்டிமீட்டர், எடை 60 கிலோ. அந்த ஆண் உடலுக்கு மூலம், ஜெர்மனியில் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த 38 வயது மனிதர் ஒருவரின் முழு உடல் சிடி ஸ்கேன். பெயர் தெரியாத ஒரு நோயாளியின் உடம்பை வைத்துத்தான் இன்றைக்கு உலகத்தின் கதிர்வீச்சுக் கணக்கு நடக்கிறது.

நம்மவர் 73 கிலோ இருப்பாரா? ரோலிங் மில் சூட்டில் நின்று வேலை பார்க்கும் ஒல்லியான உடம்பு. அவருடைய மார்பின் குறுக்கு அளவையும் முன்பின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். உருளையோ 32 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்.

பெரிய உடம்பில் வெளிப்புறச் சதை உள்ளுறுப்புகளுக்குக் கவசம் மாதிரி. ஒல்லியானவருக்கு அந்தக் கவசம் இல்லை. ஒரே தீயில் பெரிய அண்டாவையும் சின்னக் குண்டானையும் வைத்தால் எது சீக்கிரம் கொதிக்கும்? அதே கதைதான். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-ல் இதற்கு ஒரு திருத்த அட்டவணை வெளியிட்டது. நான்கு குழுக்கள் தனித்தனியாகச் செய்த அளவீடுகளையும் மாண்டி கார்லோ கணக்குகளையும் சேர்த்து உருவானது அது. அதன்படி 25 சென்டிமீட்டர் உடம்புக்குத் திரையில் தெரியும் எண்ணை ஏறக்குறைய 1.5 ஆல் பெருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் குழந்தைக்கு 2.1 ஆல் பெருக்க வேண்டும்!

அதாவது அக்கா பார்த்த 10, தம்பியைப் பொறுத்தவரை 15-க்குப் பக்கம். புதிய மெஷின்கள் உடம்பைப் பார்த்து மின்னோட்டத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வசதி இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் பயன்படுத்தாத இடத்தில், ஒல்லியானவர்கள்தான் அதிகம் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகள் தங்கள் மக்களின் உடம்பை வைத்துத் தனியாகக் கணினி உடல்களை உருவாக்கியிருக்கின்றன. ஜப்பானில் 'வஸாரி' என்ற இணையக் கணிப்பான், ஜப்பானிய உடலளவுகளை வைத்தே சிடி கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. கும்மிடிப்பூண்டி உடம்புக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

127 மெஷின்கள்

தமிழ்நாட்டில் யாரும் அளக்கவே இல்லையா? அளந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ரோஷன் லிவிங்ஸ்டன், பால் தினகரன் இருவரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியுதவியோடு இரண்டு ஆண்டுகள் தமிழகம் முழுக்க நடந்த ஆய்வை 2011-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 127 சிடி மெஷின்கள். ஒவ்வொன்றிலும் 32 சென்டிமீட்டர் உருளையை வைத்து அளந்தார்கள். 13 பழைய வகை, 53 ஒற்றைத் துண்டுச் சுருள் வகை, 44 பல துண்டு வகை, 17 ஏற்கெனவே பயன்படுத்திப் புதுப்பித்தவை.

அந்த அளவீடுகளில் இருந்து மார்புக்கு 557, வயிற்றுக்கு 521, இடுப்புப் பகுதிக்கு 294 என டி.எல்.பி. ஒப்பீட்டு அளவுகளை நிர்ணயித்தார்கள். இது சட்ட வரம்பு அல்ல. 'உங்கள் மெஷின் வழக்கமாக இதைத் தாண்டினால் ஏன் என்று பாருங்கள்' என்று சொல்லும் எச்சரிக்கைக் கோடு. உடல் முழுவதற்குமான பாதிப்பைக் குறிக்கும் சராசரி அளவு மார்புக்கு 8.04, வயிற்றுக்கு 6.69, இடுப்புக்கு 4.79 மில்லிசீவர்ட் என்று கணக்கிட்டார்கள். இயற்கையில் இருந்தே உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 8-க்கும் கொரோனா காலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கம் உடனே மறுத்தது. இன்றைய குறைந்த அளவு ஸ்கேன் 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்குத்தான் சமம் என்றது. மக்கள் குழம்பினார்கள். 400 எங்கே, 10 எங்கே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். தமிழக ஆய்வின் 8-ஐ 0.02 ஆல் வகுத்தால் 400. மிகக் குறைந்த அளவில் 0.2 மில்லிசீவர்ட்டில் எடுத்த ஸ்கேன் என்றால் 10. ஆக இரண்டு எண்ணுமே வரக்கூடியதுதான். எந்த மெஷின், என்ன செட்டிங், யாருடைய உடம்பு என்று சொல்லாமல் விட்டால் சண்டைதான் வரும்.

பேட்ஜ் இல்லாதவர்

தொழிற்சாலைகளில் பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே, காமா கதிர் கொண்டு சோதிப்பவர்கள் உண்டு. அவர்கள் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். இந்தியாவில் அவர்களுக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. பேட்ஜ் காட்டும் அளவு அவர்கள் பெயரில் பதிவாகிறது.

ஸ்கேன் மேஜையில் படுப்பவருக்குப் பேட்ஜ் இல்லை. வரம்பும் இல்லை. வரம்பு இல்லாததில் நியாயம் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிபவரிடம் 'உங்கள் கோட்டா முடிந்துவிட்டது' என்று சொல்ல முடியாதல்லவா? ஆனால் வரம்பு இல்லை என்பதற்காகக் கணக்கும் இல்லாமல் போகலாமா? 2009-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில், மூளை ரத்த ஓட்ட ஸ்கேனில் 206 பேருக்கு வழக்கத்தைவிட எட்டு மடங்கு கதிர்வீச்சு போனது தெரியவந்தது. 18 மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு முடி கொட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அத்தனை நாளும் எண் திரையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது!

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்கேனே வேண்டாம் என்று ஓடிவிடக் கூடாது. சர்வதேச ஆணையம் மக்கள்தொகைக்குப் பயன்படுத்தும் விகிதத்தின்படி, 8 மில்லிசீவர்ட் வாங்கிய சுமார் 2,000 பேரில் ஒருவருக்குப் பிற்காலத்தில் அதனால் புற்றுநோய் வரலாம் என்பது ஒரு மதிப்பீடு. இது கூட்டத்துக்கான கணக்கு. தனிமனிதருக்குப் போடும் ஜாதகம் அல்ல. சாரத்தில் இருந்து விழுந்தவருக்கு உள்ளே ரத்தக்கசிவு இருந்து, அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அன்றைக்கே உயிர் போகலாம். எனவே நம்மவருக்கு எடுத்த ஸ்கேன் சரியானதுதான்.

தவறு, அக்காவுக்குக் கிடைத்த பதிலில்தான். கதிர்வீச்சு விவரத் தாளை அச்சிட்டு, படத்தோடு உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். "இது மெஷின் அளவுக்கா. தம்பி ஒல்லியா இருக்கறதால அவருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இந்தத் தாளைப் பத்திரமா வெச்சிருங்க, அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்க. தேவையில்லாம திரும்ப எடுக்க வேண்டியிருக்காது" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது.

2022-ல் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தொழிற்சாலைகளும் ஸ்கேன் மையங்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இங்கே படிக்கப்போகும் மாணவர் யாராவது இந்தப் பகுதித் தொழிலாளர்களின் உடலளவுகளைச் சேகரித்து மாண்டி கார்லோவில் ஓட்டிப் பார்த்தால், அந்த 73 கிலோ ஜெர்மானியருக்குப் பக்கத்தில் ஒரு கும்மிடிப்பூண்டிக்காரரும் படுப்பார். சாதாரணக் கணினி போதும். இலவச மென்பொருள்களும் இருக்கின்றன.

அதுவரை ஒரு சின்ன வேலை. வீட்டில் பீரோவுக்கு மேல் பழைய ஸ்கேன் உறை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் டி.எல்.பி. என்று ஒரு எண் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.